நரம்பு காணப்பட்டது, காக்கப்பட்டது

ஜூன் 3

விபத்துப் பிரிவில் பகல் பணி. பத்து மணிக்குள் இரண்டு அரிவாள் வெட்டு. ஒருவனுக்குக் காது தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. தைத்தேன். காதைத் தைக்கும்போது என் கை நடுங்குவதில்லை.

மூன்றாவதாக வந்தவள் ஆவுடைத்தாய். முப்பத்தொரு வயது. நூற்பாலையில் வேலை. தனியாக நடந்து வந்தாள்.

"கீழ விழுந்துட்டேன்."

கழுத்தில் வலது பக்கம் நான்கு விரல். இடது பக்கம் ஒரு கட்டைவிரல். நெரித்தவன் எதிரே நின்றிருக்கிறான். இடது கைக்காரன்.

தாடையை நிமிர்த்திப் பார்க்கக் கை நீட்டினேன். அவள் வலது கை மேலே வந்து முகத்தை மறைத்துக்கொண்டது. முழங்கை நெற்றிக்கு மேலே. கண் இமைக்கும் நேரம். பிறகு கையை இறக்கிச் சிரித்தாள்.

"பழக்கமாயிருச்சு டாக்டரம்மா."

குரல்வளை உடையவில்லை. விரலைப் பின்னால் நகர்த்தினேன். வலது பக்கம், கழுத்துத் தசைக்குப் பின்னே ஏதோ உருண்டது. ஒன்று அல்ல. புளியங்கொட்டை அளவில் நான்கைந்து, ஒன்றோடொன்று ஒட்டி.

"இது எத்தன நாளா இருக்கு?"

"அவரு நெரிச்சதுல வீங்கியிருக்கும்."

கீழே விழுந்ததை மறந்துவிட்டாள். நான் நினைவூட்டவில்லை. நெரித்து வந்த வீக்கம் தொட்டால் வலிக்கும். இதை அழுத்தினேன். அவள் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் நெரிச்சதுன்னு எழுதட்டுமா?"

"விழுந்தேன்னே எழுதுங்க. நாளைக்குக் காலை ஷிஃப்ட் எனக்கு."

எழுதினேன். 'கீழே விழுந்ததாகச் சொல்கிறார்.' அந்தச் 'சொல்கிறார்' எங்களைக் காப்பாற்றும் சொல்.

வியாழன் வெளிநோயாளி பிரிவுக்கு வரச் சொன்னேன்.

ஜூன் 5

வந்தாள். எதிர்பார்க்கவில்லை.

சீஃப் பார்த்தார். ஞானசிகாமணி, அறுவைத் துறைத் தலைவர். நான் அவரிடம் இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவி. தவறாகப் பதில் சொன்னால் ஆர்ட்டரி இடுக்கியால் விரல் முட்டியில் அடிப்பார். அடித்துவிட்டு இடுக்கியைத் துடைத்து வைப்பார்.

"கழுத்துக் கட்டியப் பாக்கிறவ மொதல்ல எதைப் பாக்கணும்?"

"கட்டியை சார்."

அடி.

"கழுத்தைத் தவிர எல்லாத்தையும். அப்புறந்தான் கழுத்து."

தலையில் பேன், புண். காது. பல், ஈறு, நாக்கின் அடி, தொண்டை. மார்பு. அக்குள். தொடையிடுக்கு. வயிற்றில் கல்லீரல், மண்ணீரல். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். திரைக்குப் பின்னால் ரவிக்கையைக் கழற்றியபோது கழுத்துக்குக் கீழே இருந்த மற்ற காயங்களும் தெரிந்தன. பழையவை, புதியவை. எண்ணவில்லை. நான் தேடியது நெறிக்கட்டிகளை.

"காய்ச்சல் வருதா?"

"சாயங்காலமானா ஒடம்பு காயும். மில்லுச் சூடுன்னு நெனச்சேன். நெறி கட்டியிருக்குன்னு மஞ்சக்கூட அரைச்சுப் போட்டேன்."

"எடை கொறஞ்சிருக்கா?"

"ரவிக்கையப் புடிச்சுத் தைச்சிருக்கேன் ரெண்டு தடவ."

சீஃப் சொன்னார்: "மொதல்ல ஊசி. ஊசில பதில் கெடச்சா கத்தி எதுக்கு?"

நுண்ணூசியை நெறிக்குள் விட்டு உறிஞ்சினேன். அவள் அசையவில்லை. சுவரில் ஏறுகிற பல்லியைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"வலிக்கலயா?"

"இதெல்லாம் ஒரு வலியா டாக்டரம்மா."

ஜூன் 12

ஊசி முடிவு: செத்த செல்கள் மட்டும். கிருமி தெரியவில்லை. உறுதியாகச் சொல்ல முழு முடிச்சு வேண்டும். இரண்டாம் முறை குத்தியதிலும் அதே வாசகம். மார்புப் படம் சுத்தம்.

காசநோயாக இருக்கலாம். நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு மாத்திரை. மற்றொன்றுக்கு வேறு பாதை. எது என்று தெரியாமல் எதையும் தொடங்க முடியாது.

"எதுவா இருந்தாலும் அந்த ஆளுகிட்டச் சொல்லாதீக" என்றாள்.

மாலையில் சீஃப் எங்களை உட்காரவைத்துப் பச்சைத் துண்டில் பேனாவால் கழுத்து வரைந்தார். முன் தசை, பின் தசை, இடையே முக்கோணம்.

"முன்பக்கம் நெறி இருந்தா அதை எடு. இவளுக்கு இல்ல. அதனால இங்க போறோம். இங்க ஒருத்தன் இருக்கான். நூல் தடிமன்தான். வெள்ளையா இருப்பான். தோலுக்குக் கொஞ்சம் கீழயே ஓடுவான். அவன்தான் தோளைத் தூக்கிப் பிடிச்சிருக்கான். அவனைக் கண்ணால பாக்காம எதையும் வெட்டாத. இடுக்கி பட்டு தோள் துள்ளுச்சுன்னா அவன்தான். கையை எடுத்துடு. என்ன செய்வ ரெக்சலின்?"

"கையை எடுத்துருவேன் சார்."

"எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். இதே நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது.

ஜூன் 18

சிறு அறுவை அரங்கில் பதினொரு பேர். ஆவுடைத்தாய் ஏழாவது.

காலையில் தேநீர் குடித்துக்கொண்டே பதினொன்றுக்கும் குறிப்பு எழுதிவிட்டேன். அறுவைக்கு முன்பே அறுவைக் குறிப்பு. எல்லோரும் அப்படித்தான். பிறகு எழுத நேரம் இருக்காது. கொழுப்புக் கட்டிக்கு ஒரு வாசகம், நகத்துக்கு ஒரு வாசகம். கழுத்து நெறிக்கு: 'நரம்பு காணப்பட்டது, காக்கப்பட்டது. முடிச்சு முழுமையாக எடுக்கப்பட்டது. ரத்தக்கசிவு இல்லை.'

உடன் நிற்கவேண்டிய உதவிப் பேராசிரியரைக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டார்கள். "நீ ஆரம்பி, வந்துடுறேன்" என்றார். வரவில்லை. நானும் சிஸ்டர் அன்னபுஷ்பமும்.

மரப்பு ஊசி போட்டுத் தோலைத் திறந்ததும் வெளியே கதவு உதைபட்டது.

"எவன்டா உள்ள எம்பொண்டாட்டி கழுத்த அறுக்கிறது?"

கொம்பையா. லோடு வண்டி ஓட்டுகிறவன். மில்லில் யாரோ சொல்லித் தெரிந்து வந்திருக்கிறான்.

"பொம்பள டாக்டர்தான்யா அறுக்குது. உக்காரு" என்று சிஸ்டர் கத்தினாள்.

மறுபடி உதை. கண்ணாடி உடைந்தது. கதவில் அல்ல, வராந்தா ஜன்னலில். யாரோ ஓடினார்கள். "கையில ரத்தம், கையில ரத்தம்" என்று ஒரு குரல்.

பச்சைத் துணிக்கு அடியிலிருந்து ஆவுடைத்தாய் பேசினாள். முகம் எனக்குத் தெரியாது. துணி மட்டும் அசைந்தது.

"சீக்கிரம் முடிங்க டாக்டரம்மா. உள்ள வந்துருவாரு."

"அசையாதீங்க."

"நான் அசையல. நீங்கதான் நடுங்குறீக."

நெறி ஆழத்தில் ஒட்டியிருந்தது. குழிக்குள் ரத்தம். துடைத்தால் மறுபடி நிரம்பியது. ஒரு ஓரத்தில் மெல்லியதாக ஒன்று குறுக்கே போயிற்று. சிறு ரத்தக்குழாய். இடுக்கி போட்டேன். அறுத்தேன். கறுப்புப் பட்டு நூலால் கட்டினேன். அதிலிருந்து ரத்தம் வரவில்லை. நல்லது.

"தோள் துள்ளுச்சே டாக்டர்" என்றாள் சிஸ்டர்.

"வலி. மரப்பு பத்தல."

இன்னும் இரண்டு மில்லி போட்டேன்.

முடிச்சு முழுதாக வந்தது. உறை கிழியவில்லை. தட்டில் வைத்து நடுவே பிளந்தேன். உள்ளே வெண்ணெய்க் கட்டி போல. பாதியை ஃபார்மலினில் போட்டேன். பாதியை உப்புத் தண்ணீரில். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், வளர்த்துப் பார்க்க முடியாது. பலர் அங்கேதான் தவறுவார்கள். நான் அதைச் சரியாகச் செய்தேன்.

வெளியே கொம்பையாவின் இடது உள்ளங்கையை வேறு டாக்டர் தைத்தார். ஐந்து தையல்.

ஜூன் 19

பதினொரு குறிப்புகளிலும் கையெழுத்துப் போட்டேன். கோட்டு துவைத்தேன். விடுதியில் தண்ணீர் நின்றுவிட்டது. சோப்போடு காய்கிறது.

ஜூன் 20

ரத்தம் வராத ரத்தக்குழாய்களும் உண்டு. சுருங்கிக்கொள்ளும்.

ஜூன் 26

தையல் பிரித்தேன். வடு அழகு. ஒரு மாதத்தில் கழுத்து மடிப்போடு சேர்ந்துவிடும்.

"தோள் கனமா இருக்கு. பை வாரு நிக்க மாட்டேங்குது, நழுவுது."

"தையல் இழுக்கும். போகப் போகச் சரியாகும்."

தோளைத் தூக்கச் சொல்லி, மேலிருந்து அழுத்திப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. வரிசை வாசல்வரை நின்றது.

ஜூலை 4

காசநோய். உப்புத் தண்ணீரில் போட்ட பாதியிலிருந்துதான் தெரிந்தது. ஃபார்மலின் பாதியும் ஒத்துப்போனது. புற்று இல்லை. ஆறு மாதம் மாத்திரை.

சொன்னதும் ஆவுடைத்தாய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். முன்பல் ஒன்று பாதி இல்லை. அன்று பல்லைச் சோதித்தபோதுகூட அதை நான் கவனிக்கவில்லை.

"கண்டமாலைன்னு எங்க ஊர்ல சொல்லுவாக. எங்க சித்திக்கு இருந்துச்சு. நான் செத்துருவேன்னு நெனச்சு மகளுக்கு நாலு பாவாட தைச்சு வச்சுட்டேன்."

"எத்தன வயசு மகளுக்கு?"

"ஏழு. எங்க அம்மாகிட்ட இருக்கா. இங்க வச்சிருந்தா அவளும் கையத் தூக்கப் படிச்சுக்குவா."

சீஃப் கோப்பைப் பார்த்தார். "பாதி பாதியாப் போட்டிருக்கா. பரவாயில்ல."

மாலையில் பிரியாணி வாங்கித் தனியாகத் தின்றேன்.

ஜூலை 21

அவள் வலது கை தோள் உயரம்வரை வருகிறது. அதற்கு மேல் வரவில்லை. முயன்றால் முதுகில் தோள்பட்டை எலும்பு புடைத்து நிற்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் வலது தோள் இரண்டு விரல் கீழே.

"மிஷின்ல மேல் வரிசையில பாபின் மாட்டணும். எட்டல. கூட்டுற வேலைக்குப் போட்டுட்டாக. தல சீவ முடியல. பக்கத்து வீட்டுப் பொண்ணுதான் சடை போட்டு விடுது."

"பயிற்சி செய்யணும். சொவத்துல விரல வச்சு எறும்பு மாதிரி மேல ஏத்துங்க. தினமும் மூணு தடவ."

அவள் என்னைப் பார்த்தாள்.

"நரம்பு ஏதும் பட்டிருக்குமோ டாக்டரம்மா? மில்லுல ஒரு அண்ணன் சொன்னாரு."

கோப்பைத் திறந்தேன். அறுவைக் குறிப்பை வாசித்தேன். நான் எழுதியதை, யாரோ எழுதியதைப் போல.

"நரம்பு நல்லா இருக்குன்னு போட்டிருக்கு."

"போட்டிருந்தா சரி."

விடுதிக் கண்ணாடி முன்னால் நின்று தோள்களை ஏற்றிப் பார்த்தேன். இரண்டும் ஏறுகின்றன.

ஜூலை 30

இறந்துபோன ஒருவரின் தம்பி, பயிற்சி மருத்துவனை வார்டுக்குள்ளேயே அடித்தான். குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிடும் கம்பியால். மூக்கு உடைந்தது. நாங்கள் எல்லோரும் மரத்தடியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கோஷம் போட்டோம். எங்களை யாரும் அடிக்கக் கூடாது என்று. நானும் போட்டேன். உரக்க.

ஆகஸ்ட் 9

சனி. பகல் ஒரு மணி. பக்கத்து வீட்டுப் பெண் ஆட்டோவில் கொண்டுவந்தாள்.

முகம் அடையாளம் தெரியவில்லை. கழுத்து வடுவை வைத்துத்தான் ஆவுடைத்தாய் என்று கண்டேன். என் வடு.

லோடு கயிறு முறுக்கும் இரும்புக் கம்பி. வலது கன்ன எலும்பு உள்ளே போயிருந்தது. தாடை வலது பக்கம் உடைந்து, வாய்க்குள் எலும்பின் முனை தெரிந்தது. வலது கண் முழுதாக மூடிக் கருத்திருந்தது. நான்கு பற்கள் கையில் இருந்தன. இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். விரலைப் பிரித்து வாங்க வேண்டியிருந்தது.

எல்லாம் வலது பக்கம்.

அவன் இடது கைக்காரன். இத்தனை வருடங்களாக அவளுடைய வலது முன்கை வாங்கிக்கொண்ட அடிகள். முன்கையைப் பார்த்தேன். பழைய தழும்புகள் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை அடுக்கடுக்காக. இன்று அந்தக் கையில் ஒரு கீறல்கூட இல்லை.

உறிஞ்சு குழாய் போட்டு ரத்தம் எடுத்தேன். மூச்சு சீரானது. காவல் நிலையத்துக்குத் தகவல் போயிற்று. விபத்துப் பதிவேட்டில் காயங்களை வரிசையாக எழுதினேன். ஒன்று, கன்ன எலும்பு. இரண்டு, தாடை. மூன்று, கண். நான்கு, பற்கள். ஐந்து: 'வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்த இயலவில்லை.'

ஒவ்வொரு சொல்லும் உண்மை.

ஆகஸ்ட் 10

சீஃப் சுற்றுக்கு வந்தார். தோளைப் பார்த்தார். தூக்கச் சொன்னார். மேலிருந்து அழுத்தினார். பழைய கோப்பைக் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"நரம்பு காணப்பட்டது, காக்கப்பட்டது." சத்தமாக வாசித்தார். "அப்ப இது அடியில வந்தது. அடியில நரம்பு அறுபடாது, நசுங்கும். தானா வரும். ஆறு மாசம் பொறுத்துப் பாக்கலாம்."

மற்ற மாணவர்களிடம் கோப்பைக் காட்டினார்.

"இதுக்குத்தான் ஒழுங்கா எழுதணுங்கிறது. எழுதி வச்சதுனால இன்னைக்குப் பழி நம்ம மேல வரல."

அவர் என்னைப் பாராட்டியது இதுவே முதல் முறை.

நசுங்கிய நரம்புக்கு ஆறு மாதம் தரலாம். அறுந்த நரம்பின் முனைகள் உள்ளே சுருங்கிப் போகும், தசை வற்றும். மூன்று மாதத்துக்குள் திறந்து தைத்தால் வாய்ப்பு அதிகம். ஆறு மாதம் உட்கார்ந்திருந்தால் கிட்டத்தட்ட இல்லை. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பொதுவாகச் சொல்கிறேன்.

ஜூன் 18 முதல் இன்று ஐம்பத்து மூன்று நாள்.

ஆகஸ்ட் 12

கொம்பையாவைக் கைது செய்து, சிறைக்கு அனுப்பும் முன் உடல் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார்கள். விபத்துப் பிரிவில் நான்.

உயரம் குறைவு. வெளுத்த சட்டை. இடது உள்ளங்கையில் ஐந்து தையல் தழும்பு.

"ஒடம்புல காயம் இருக்கா?"

"இல்ல." என் முகத்தை உற்றுப் பார்த்தான். "நீங்கதான அந்தக் கழுத்த அறுத்தது?"

நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"அடிச்சது நானு. தாடைய ஒடச்சது நானு. ஸ்டேஷன்லயே ஒத்துக்கிட்டேன். ஆனா கையும் நான்தான்னு எழுதியிருக்காகளாம். அது நீங்க கட்டி எடுத்த அன்னைக்கே தொங்கிப்போச்சு."

"பேசாம இருய்யா" என்றார் காவலர்.

"இல்ல சார், சொல்லிடுறேன். எப்பவும் அவ கையத் தூக்குவா. அடி கையிலதான் விழும். அன்னைக்கும் தூக்குவான்னு நெனச்சுத்தான் ஓங்குனேன். தூக்கல. நேரா மூஞ்சில எறங்கிருச்சு. எனக்கே திக்குன்னு ஆயிருச்சு."

காவலர் அவன் பிடரியில் அறைந்தார். தலை மேசை விளிம்பில் மோதியது. உதடு கிழிந்தது.

"திக்குன்னு ஆயிருச்சாம்ல. எழுதுங்க டாக்டர், காயம் இல்லன்னு."

எழுதினேன். 'வெளிக்காயம் ஏதும் இல்லை.' மேசையில் அவன் ரத்தம் இரண்டு சொட்டு. பஞ்சால் துடைத்தேன்.

இந்தக் கட்டடத்தில் அந்தத் தோளைப் பற்றி உண்மை பேசிய ஒரே ஆள் அவன்.

ஆகஸ்ட் 13

சாப்பிடவில்லை. மழை.

ஆகஸ்ட் 20

தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். பல் இடுக்கு வழியாகக் கஞ்சித் தண்ணீர் உறிஞ்சுகிறாள். பேச்சும் அதே இடுக்கு வழியாகத்தான் வருகிறது.

"மொதல்ல குனிஞ்சுக்கிறதுதான் பழக்கம்" என்றாள், நான் கேட்காமலே. "குனிஞ்சா முதுகு, பிடரி. ஒரு தடவ காது செவிடாப் போச்சு, பதினஞ்சு நாளு. அப்புறம் நானாக் கண்டுபிடிச்சேன். முழங்கைய இப்படி நெத்திக்கு மேல கொண்டு போயிட்டா கண்ணு தப்பிச்சுக்கும், பல்லு தப்பிச்சுக்கும். மில்லுல ரெண்டு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

இடது கையால் செய்து காட்டினாள். பிறகு வலது கையால். அது மார்புவரை வந்து நின்றது. அங்கேயே சிறிது நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். யாரோ கொடுத்த பொருளை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல.

"கண்ணு தெரியுமா டாக்டரம்மா?"

"மங்கலாத் தெரியும்னு கண் டாக்டர் சொல்லியிருக்கார்."

"கை?"

"பாக்கலாம்."

வெளியே வந்தபோது சிஸ்டர் அன்னபுஷ்பம் வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன டாக்டர், எறும்பு சொவத்துல ஏறிருச்சா?"

"சிஸ்டர்."

"நான் ஒண்ணும் சொல்லல. ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கு எனக்கு. யாராவது கேட்டா, பாத்ததச் சொல்லுவேன். யாரும் கேக்க மாட்டாக. நர்ஸ்கிட்ட யாரு கேக்கப்போறா?" துணியை உதறினாள். "நீங்களும் கேக்கல. அன்னைக்கு நானாத்தான் சொன்னேன்."

ஆகஸ்ட் 27

எழுபது நாள்.

ஆகஸ்ட் 31

கனவு என்று எழுதப் போவதில்லை. பகலில் வந்தது. கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன், விடுதிச் சமையலறையில். தண்டில் வெள்ளை நார். கத்தி வைத்தேன். என் தோள் துள்ளியது.

கீரையைக் கொட்டிவிட்டேன்.

செப்டம்பர் 1

சீஃப் அறை. கதவைச் சாத்தினேன். சொன்னேன்.

"நரம்பை நான் தேடல சார். குறிப்பைக் காலையிலயே எழுதிட்டேன்."

அவர் எதிரே ஸ்டீல் தட்டு இருந்தது. அதை எறிந்தார். என் இடுப்பில் பட்டுக் கீழே விழுந்து, நெடுநேரம் சுழன்று நின்றது. பிறகு எழுந்து வந்து இடுக்கியை எடுத்தார். நான் கையை நீட்டினேன். விரல் முட்டியில் அடித்தார். நான்கு முறை. தோல் கிழிந்தது. நான் கையை எடுக்கவில்லை. இது போதும் என்று தோன்றியது, இதோடு முடிந்தால் போதும் என்று. அவருக்கு அது புரிந்திருக்க வேண்டும். நிறுத்திவிட்டார்.

"துள்ளுச்சா?"

"கவனிக்கல சார்."

இடுக்கியைத் துடைத்து வைத்தார்.

"எத்தன நாள் ஆச்சு?"

"எழுபத்தஞ்சு."

"பிளாஸ்டிக் சர்ஜனைக் கூப்பிடுறேன். அடுத்த வாரம் தொறந்து தைக்கட்டும். அவகிட்ட அடியில அறுந்துபோச்சுன்னு சொல்லு. கேஸும் அப்படியே போகட்டும். அந்தப் பய எப்படியும் உள்ளதான் இருக்கான். ஒரு காயம் கூடுதலா இருந்தா என்ன?"

அவளுக்குக் கை கிடைக்கும். எனக்குப் பட்டம் கிடைக்கும். அவனுக்குச் சிறை. யாருக்கும் நஷ்டமில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 2

ஆவுடைத்தாயிடம் ஒப்புதல் வாங்கினேன். "அடியில நரம்பு அறுந்திருக்கு. தைக்கணும்."

"அப்ப அவந்தானா?" என்றாள்.

தலையசைத்தேன்.

இடது கையால் பெருவிரல் ரேகை வைத்தாள். கையெழுத்துப் போடத் தெரியும் அவளுக்கு. நான் நீட்டிய அட்டையின் உயரத்துக்கு வலது கை வரவில்லை.

செப்டம்பர் 9

முழு மயக்கம். பிளாஸ்டிக் சர்ஜன் வெளியூரிலிருந்து வந்தவர். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு என் வடுவின் மேலேயே கீறினார். நான் உதவிக்கு நின்றேன். சீஃப் பின்னால் நின்றார்.

முதலில் தசையின் ஓரம். அங்கிருந்து நரம்பின் மேல் முனையைத் தேடிக் கண்டார். அதைப் பின்தொடர்ந்து இறங்கினார், ஒரு தடவைக்கு ஒரு நூலிழை அகலம். அவசரமே இல்லை. அப்படித்தான் தேட வேண்டும் போலிருக்கிறது.

தழும்புத் திசுவுக்குள் நரம்பு முடிந்தது. அதன் நுனியில் ஒரு கறுப்பு முடிச்சு.

இடுக்கியால் அதைத் தூக்கி விளக்குக்குக் காட்டினார்.

"இரும்புக் கம்பி கறுப்புப் பட்டு நூல்ல முடிச்சுப் போடுமா?"

மூன்று சுற்று, வால் குட்டையாக வெட்டிய முடிச்சு. நான் போடுவது. எந்த வயிற்றுக்குள் பார்த்தாலும் சொல்லிவிடுவேன்.

காதுப்பக்கத்துத் தோல் நரம்பிலிருந்து ஒரு துண்டு எடுத்து இடைவெளியில் வைத்துத் தைத்தார். முடியைவிட மெல்லிய நூல். மூன்று மணி நேரம்.

கையுறையைக் கழற்றும்போது என்னிடம் மட்டும் சொன்னார்: "ஒரு வருஷம் ஆகும். வரலாம். வராமலும் போகலாம்." முடிச்சைச் சிறு பாட்டிலில் போட்டுக் கையில் கொடுத்தார். "இது உன்னுது."

செப்டம்பர் 12

பாட்டில் கோட்டுப் பையில் இருந்தது. மூன்று நாளாக.

பெண்கள் வார்டு. பகல் சாப்பாட்டு நேரம். ஆவுடைத்தாயின் வலது கை கழுத்தில் கட்டிய துணித் தூளியில். தாடைக் கம்பி எடுத்துவிட்டார்கள். இட்லியைப் பிசைந்து தின்றுகொண்டிருந்தாள், இடது கையால். கட்டிலருகே நின்றேன். சீஃப் என்ன சொல்லச் சொன்னாரோ அதையெல்லாம் ஏற்கெனவே சொல்லியாயிற்று. மிச்சம் இருந்தது இதுதான்.

"உங்க நரம்பை அவரு அறுக்கல. நான் அறுத்தேன். கட்டி எடுத்த அன்னைக்கு."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். கையைத் துண்டில் துடைத்தாள்.

"எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கே."

"ஆமா."

"சொவத்துல வெரல வச்சு ஏத்தச் சொன்னீக. ஏத்துனேன். தெனமும் மூணு தடவ."

அடுத்து நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். அவள் கட்டிலில் நிமிர்ந்தாள். இடது கையால் என் கன்னத்தில் அறைந்தாள். இன்னொரு முறை கை ஓங்கினாள். என் வலது கை மேலே எழுந்தது. நான் எழுப்பவில்லை. அதுவாக எழுந்தது. முழங்கை நெற்றிக்கு மேலே, முன்கை முகத்துக்குக் குறுக்கே. மிகச் சரியான உயரத்தில்.

ஆவுடைத்தாய் அடிக்கவில்லை. ஓங்கிய கையோடு என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டே பார்த்தது. இறக்க நினைத்தேன். இறங்கவில்லை.

கடைசியில் அவள்தான் தன் கையை முதலில் இறக்கினாள்.

"அவன் ஒடச்சது தாடை. கண்ணு. நாலு பல்லு" என்றாள். "நீ அறுத்தது கை. அவன் கணக்குல நீ ஒளிஞ்சுக்காத. தனித்தனியா எழுது. எனக்கு வாசிச்சுக் காட்டு."

கோப்பு அவள் கட்டில் தலைமாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்தேன். கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, இன்றைய தேதி போட்டு, எழுதி, வாசித்தேன். காவல் நிலையத்துக்கு ஒரு பிரதி, சீஃபுக்கு ஒரு பிரதி. இங்கே ஒன்று.

'ஜூன் 18 அறுவைக் குறிப்பின் திருத்தம். அந்தக் குறிப்பு அறுவைக்கு முன்பே எழுதப்பட்டது. அதில் உள்ளது பொய். விபத்துப் பதிவேட்டில் ஆகஸ்ட் 9 அன்று ஐந்தாவதாக எழுதிய காயம் அன்றைய அடியால் வந்ததல்ல. வலது பின்கழுத்து முக்கோணத்தில் நரம்பை நான் தேடவில்லை. வெள்ளையாக ஒன்று தெரிந்தது. இடுக்கி போட்டேன். தோள் துள்ளியது. பார்த்தேன். பிறகு அறுத்தேன்.'